ஒரு கை குறைந்த வட்டை

வட்டை விதானையாகப் புதிதாய்த் தெரிவாகியிருக்கும் தம்பிமாரே, மதகை எப்போது திறப்பது, வாய்க்காலை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவிப்பது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இரண்டு போகம் போனால் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது கைகளைப் பற்றி. நம்முடைய வேலையில் பாதி தண்ணீர், மற்றப் பாதி கூட்டத்தில் தூக்கும் கை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது. கை எந்தப் பக்கம் ஓடும் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

நான் மருதடி வட்டைக்கு விதானையாக இருந்தவன். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் வட்டை. வயல் மேற்கே, வீடு கிழக்கே. காலையில் தோணி ஏறிப் போவோம், பின்னேரம் தோணி ஏறி வருவோம். விதைக்கும் நாள், வேலி அடைக்கும் நாள், எருமைகளை வெளியேற்றும் நாள் எல்லாவற்றையும் வயற்காரர்கள் மருத மரத்தடியில் கூடிக் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். கூடுதலான கை எந்தப் பக்கமோ அதுதான் சட்டம். அதை மீறுகிறவருக்குத் தண்ணீரை மறிக்கும் அதிகாரம் விதானைக்கு இருந்தது. விதானையைத் தெரிவு செய்வதும் இறக்குவதும் அதே கூட்டம், அதே கைகள். இதை மறந்துபோன விதானை எவரும் அடுத்த போகம் விதானையாக இருந்ததில்லை.

முந்தி இந்தக் கை தூக்கல் ஒரு சடங்காகத்தான் நடந்தது. பெரிய வயற்காரரான போடியார் கையைத் தூக்குவார். எல்லாரும் அவருடைய கையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கையைத் தூக்குவார்கள். போடியார் ஒருமுறை கொட்டாவி விட்டுக் கையை நெளித்தபோது, கேட்கப்படாத கேள்விக்குக் கூட்டம் முழுவதும் கை தூக்கியதை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு நாட்டில் எல்லாருக்கும் வாக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும், காணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும். எங்கள் ஆட்கள் நல்ல உடுப்பு உடுத்து, தோணி கட்டிப் போய், நிறம் பூசிய பெட்டிகளில் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் பழைய ஆட்கள் அல்ல. போடியாருடைய கையும் ஒரு கை, என்னுடைய கையும் ஒரு கை என்ற விஷயம் தலைக்கேறிவிட்டது. கள்ளுக் குடித்தவன்கூட விடிந்தால் தெளிவான். இவர்கள் தெளியவில்லை.

இதில் முன்னுக்கு நின்றவர் கதிராமத்தம்பி. சொந்தமாய்க் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக வயல் செய்தவர். நெஞ்சு முழுக்க நல்ல மனம், முகம் முழுக்க மீசை. தேர்தல் கூட்டம் ஒன்றில் "பிரேரிக்கிறேன்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்து, அதைக் கற்கண்டுபோல வாயில் போட்டுக்கொண்டு திரிந்தார். "நான் பிரேரிக்கிறன்!" என்று அவர் எழும்பினால், "நான் ஆமோதிக்கிறன்!" என்று அலியார் காக்கா எழும்புவார். அலியார் காக்கா காத்தான்குடிக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் வட்டையில் அவருக்கு வயலும் இருந்தது, வாவியில் எங்களை ஏற்றி இறக்கும் பெரிய தோணியும் அவருடையது. எந்தப் பிரேரணையானாலும் ஆமோதிப்பது அவருக்குத் தும்மல் மாதிரி. அடக்க முடியாது.

விதைப்பு நாளைத் தீர்மானித்து முடிந்தாலும் கூட்டம் கலையாது. கை இன்னும் தினவெடுத்துக்கொண்டிருக்கும். வேலைக்கு நடுவே குடிக்கும் தேநீருக்கு வெள்ளைச் சீனியா கறுப்புச் சர்க்கரையா என்று வாக்கெடுத்தோம். வயலில் குருவி விரட்ட நிற்கும் வெருளிக்குச் சட்டை போடலாமா கூடாதா என்று வாக்கெடுத்தோம். கதிராமத்தம்பியின் மீசை மேலே முறுக்கியிருப்பது நல்லதா கீழே தொங்குவது நல்லதா என்று எவரோ பிரேரிக்க, தொங்கவேண்டும் என்று தீர்மானமாகி, அந்த மனிதன் ஒரு போகம் முழுவதும் தொங்கல் மீசையோடு திரிந்தார். அலியார் காக்காவிடம் சாம்பல் நிற எருமை ஒன்று நின்றது. அதைத் தன் பிள்ளையைப்போல வளர்த்தார். அது வடிவா இல்லையா என்றும் ஒருநாள் வாக்கெடுத்தோம். வடிவில்லை என்று பெரும்பான்மை. காக்கா அதையும் ஆமோதித்தார், பழக்கதோஷத்தில். பிறகு எருமையின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அன்று முழுவதும் வரம்பில் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். நான் அந்த நாட்களைப்போல் சந்தோஷமான நாட்களைக் கண்டதில்லை. வாழ்நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர்கள் தங்கள் கைக்கு ஒரு கணக்கு உண்டு என்று கண்டுபிடித்த சந்தோஷம் அது. அதைப் பழிக்க எனக்கு இன்றும் மனம் வராது.

இந்தக் கூத்துக்குள்ளே ஒரேயொரு கை மட்டும் எப்போதும் மற்றப் பக்கத்தில் நின்றது. அது தெய்வானை மாமியின் கை.

தெய்வானை மாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. தாய்வழியில் சீதனமாக வந்த ஒரு துண்டு வயல்தான் அவருக்கு இருந்தது. வருடம் முழுவதும் அவரும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிடுவது அந்தத் துண்டில் விளைவதைத்தான். மற்றப் பெண்கள் கூட்டத்துக்குக் கணவனையோ தம்பியையோ அனுப்புவார்கள். மாமி தானே வருவார். வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பார். நான் "எதிர்?" என்று கேட்டதும் சுண்ணாம்பு பூசிய விரலோடு ஒரு கை மேலே போகும்.

விதைப்பு வெள்ளிக்கிழமை என்றால் எதிர். புதன்கிழமை என்றால் அதற்கும் எதிர். போடியார் காலத்திலேயே போடியாரை எதிர்த்துக் கை தூக்கிய ஒரே ஆள் மாமிதான். அதற்காக அவரைப் பெரிய வீராங்கனை என்று எண்ணிவிடாதீர்கள். போடியார் சொன்னது நல்ல யோசனையாக இருந்தபோதும் எதிர்த்தார். காரணம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வார். ஒருமுறை, "கதிராமத்தம்பி இருமிப்போட்டுக் கதைச்சான், எனக்குப் புடிக்கல்ல" என்றார். இன்னொருமுறை, "எல்லாரும் ஓம் எண்டுறீங்க. ஒருத்தராவது இல்ல எண்டாத்தானே நீங்க சொன்ன ஓம் எனக்குக் கேக்கும்" என்றார். எது விளையாட்டு எது நிஜம் என்று பிரித்தறிய என்னால் முடிந்ததில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் அதை முதலில் செய்து முடிப்பவரும் மாமிதான். வேலி அடைக்கும் நாளை எதிர்ப்பார், அந்த நாளில் அவருடைய பங்கு வேலி மற்றவர்கள் கம்பு வெட்டுமுன்பே நிற்கும். ஒருநாள் நான் கேட்டேன்.

"மாமி, எதிர்த்துப்போட்டு ஏன் இப்படி முந்தி ஓடுறீங்க?"

"வேலி எங்கட வேலி, மருமகன். அதக் கூட்டம் சொல்லட்டும். கை என்ட கை" என்றார்.

எனக்கு அது அப்போது சரியாக விளங்கவில்லை. வெற்றிலை தந்தார், வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நெருக்கடி வந்தது ஒரு பாராட்டினால். அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு துரை எங்கள் கூட்டத்தைப் பார்க்க வந்தார். போகிறபோக்கில், பக்கத்து இலுப்படி வட்டையில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறுகிறது, அங்கே ஒரு எதிர்ப்பும் இல்லை, நீங்களும் அப்படி இருக்கலாமே என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிப் போனார். அவர் அதை மறுநாளே மறந்திருப்பார். இலுப்படிக்காரர்கள் மறக்கவில்லை. வாவியில் எங்கள் தோணியைக் கண்டால் போதும், அவர்களுடைய தோணியிலிருந்து சத்தம் வரும்.

"மருதடியாரே, எல்லாரும் ஏறிட்டீங்களா? ஒரு கை குறையுதாமே கா!"

காலையிலும் அதே சத்தம், பின்னேரமும் அதே சத்தம். எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்கவில்லை. விளைச்சல் குறைந்தால்கூடத் தாங்கியிருப்பார்கள். இலுப்படியான் சிரிப்பதைத் தாங்கமுடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் கதிராமத்தம்பி எழும்பினார். "நான் பிரேரிக்கிறன். இனிமே மருதடி வட்டையில எல்லாத் தீர்மானமும் ஏகமனசா இரிக்கவேணும். ஆரும் எதிர்த்துக் கை தூக்கப்படாது!"

அலியார் காக்கா ஆமோதித்தார். மரத்தடி முழுவதும் கைகள். நான் என் கடமைக்கு "எதிர்?" என்றேன். சுண்ணாம்பு விரல் மேலே போனது.

ஆக, எல்லாம் ஏகமனதாக இருக்கவேண்டும் என்ற தீர்மானம் ஏகமனதாக இல்லாமல் நிறைவேறியது. கதிராமத்தம்பி மீசையைக் கடிக்கத் தொடங்கினார். "மாமி, இத எதிர்க்க ஒண்ணா கா. எதிர்க்கப்படாது எண்டுதானே தீர்மானம்!"

"தீர்மானம் இப்பதானே நிறைவேறிச்சி. நான் அதுக்கு முந்தித் தூக்கின கை" என்றார் மாமி.

கூட்டம் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அன்று சிரிக்கவில்லை. மாமி கையை இறக்கும்வரை அவரைத் தோணியில் ஏற்றக்கூடாது என்று அடுத்த பிரேரணை. அதுவும் நிறைவேறியது. அப்போதுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது, மாமி இப்போது வாவிக்கு மேற்கே இருக்கிறார், வீடு கிழக்கே. பெண்பிள்ளைகள் காத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் அல்ல. உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மட்டும் ஏற்றலாம், நாளையிலிருந்து ஏற்றக்கூடாது. எல்லாரும் கை தூக்கினோம். "எதிர்?" என்றேன். அதற்கும் மாமியின் கை!

பிறகு எழும்பி, சேலையைத் தட்டி, எல்லாருக்கும் முந்தித் தோணியில் ஏறி இருந்துகொண்டார். "என்ன பாக்குறீங்க? நிறைவேறின தீர்மானம்தானே. ஏறத்தானே வேணும்" என்றார்.

மறுநாள் காலை தோணி புறப்பட்டபோது மாமி துறையில் இல்லை. அலியார் காக்கா தோணி வலிக்கும் சவளைப் பிடித்துக்கொண்டு துறையையே பார்த்தபடி நின்றார். எனக்கும் மனது சரியில்லை. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது, கதிர் வெளிவரக் காத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் வயலை ஒருநாள் பார்க்காமல் விட்டாலும் வயற்காரருக்கு நித்திரை வராது. மாமி என்ன செய்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தோணியின் பின்பக்கத்தில் இருந்தவர் கத்தினார்.

"என்டம்மே! அங்க பாருங்க கா!"

வாவியில் ஒரு கிடாரம் வந்துகொண்டிருந்தது. நெல் அவிக்கும் செப்புக் கிடாரம். கோயில் அன்னதானத்துக்கு இரவல் கேட்டு வருவார்களே, அவ்வளவு பெரியது. அதற்குள் தெய்வானை மாமி சப்பாணி கட்டி இருந்தார். மடியில் வட்டா, கையில் சோறு கிண்டும் நீட்டு அகப்பை. அதால் தண்ணீரை வலித்தார். வலிக்கும்போதெல்லாம் கிடாரம் முன்னுக்கு ஒரு முழம் வரும், பிறகு கிறுகும். கிழக்கைப் பார்ப்பார், வடக்கைப் பார்ப்பார், மேற்கைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார். எங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கிறுகிப் போவார்.

"மாமி! தீர்மானம்!" என்று கதிராமத்தம்பி கத்தினார்.

"தோணியில... ஏத்தப்படாது எண்டுதானே..." கிடாரம் கிறுகி முதுகு தெரிந்தது. பிறகு முகம் வந்தது. "...தீர்மானம். கிடாரத்தப் பத்தி... ஆரும் பிரேரிக்கல்ல!"

நான் விதானை. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கடிக்கவில்லை. அவர் சிரித்தார், அடுத்தவர் சிரித்தார், பின்னால் இருந்தவர்கள் நன்றாகப் பார்க்க எழும்பி வந்தார்கள், முன்னால் இருந்தவர்களும் எழும்பி வந்தார்கள். "இரிங்க! இரிங்க! ஒரு பக்கம் சாயாதீங்க!" என்று அலியார் காக்கா குழறியது எவருடைய காதிலும் விழவில்லை. மருதடி வட்டையின் வயற்காரர் அத்தனைபேரும் மாமி வந்த பக்கத்துக்குச் சாய்ந்தோம். தோணி எங்களை ஒரு கடகத்து நெல்லைக் கொட்டுவதுபோல வாவியில் கொட்டியது.

நல்லகாலம், அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவுதான். கட்டையான ஆட்களுக்குத்தான் மூக்குவரை. நான் நல்லாய்த் தண்ணீர் குடித்தேன். எழும்பி மூச்சு வாங்கியபோது எனக்குக் கேட்ட முதல் சத்தம் மாமியுடையது.

"ஏகமனசா விழுந்திட்டீங்க கா! ஒருத்தரும் எதிர்க்கல்ல!"

கதிராமத்தம்பி கட்டையான மனிதர். கிடாரம் அவருக்குக் கிட்டே வர, விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டார். மாமி வலிப்பதை விட்டார். கிடாரமும் மாமியும் கதிராமத்தம்பியுமாக நடுவாவியில் மெல்லக் கிறுகிக்கொண்டு நின்றார்கள். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன தம்பி, ஏதும் பிரேரிக்கப்போறயா?" என்று மாமி அன்பாகக் கேட்டார்.

இதை இலுப்படித் தோணி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பு வவுணதீவுக் கரைவரை கேட்டிருக்கும்.

இதற்குப் பிறகு எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? தம்பிமாரே, சிரித்து முடித்த கூட்டம் வேறு, சிரிக்கப்பட்ட கூட்டம் வேறு. ஈர வேட்டியோடு மருத மரத்தடிக்கு நேரே போனார்கள். அங்கேயே கூட்டம். மாமியும் கிடாரத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு வந்து தன் இடத்தில் இருந்தார். கதிராமத்தம்பி நடுங்கிக்கொண்டு எழும்பினார். குளிரா கோபமா தெரியவில்லை.

"நான் பிரேரிக்கிறன். மாமிட வக்கடையக் கட்டவேணும்."

வக்கடை என்றால் உங்களுக்குத் தெரியும், வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் இறங்கும் வாய். குடலைப் பருவத்தில் அதை மண் போட்டு அடைத்தால் கதிர் முழுவதும் பதர்தான். மாமியின் வீட்டில் அடுத்த வருடம் உலை வைக்க நெல் இருக்காது. அந்தத் துண்டு வயலை விற்றுத்தான் சாப்பிடவேண்டும். அங்கே இருந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் கை தூக்கினார்கள். அலியார் காக்கா தலையைக் குனிந்துகொண்டு ஆமோதித்தார். "எதிர்?" என்றேன். ஒரு கை. தீர்மானம் நிறைவேறியது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வட்டை முழுவதும் என் பின்னால் வரம்பில் வரிசையாக வந்தது. மாமியும் வந்தார்.

வக்கடையடியில் நின்றேன். தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பயிர் இடுப்பளவு, கரும்பச்சை. மாமி வரம்பில் குந்தி, ஒரு பயிரின் வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தடவினார். உள்ளே கதிர் திரண்டிருந்தது. அவர் வாயில் வெற்றிலை இருந்தது, ஆனால் மெல்லவில்லை.

"கட்டுங்க, விதானையார்" என்றார். கூட்டத்தில்தான் என்னை விதானையார் என்பார், வெளியில் மருமகன். "நான் எதிர்த்துப்போட்டன். நிறைவேறிட்டுது. நிறைவேறினா நிறைவேறினதுதான்."

அவர் சண்டை பிடித்திருந்தால், மண்வெட்டியைப் பறித்திருந்தால், ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை வைத்த ஒரு மனுஷியின் வயலைச் சட்டத்தின் பெயரால் காயவைக்க என்னை அனுப்பியிருந்தார்கள். மாமி தடுக்கமாட்டார். தடுப்பதானால் நான்தான் தடுக்கவேண்டும்.

மண்வெட்டியைக் கீழே போட்டேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"மாமி வேலி அடைச்சவவா இல்லையா?" என்று கேட்டேன்.

"அடைச்சவ" என்றார் ஒருவர்.

"சொன்ன நாளுக்கு விதைச்சவவா?"

"ஓம்."

"வாய்க்கால் வெட்டுக்கு வந்தவவா? எருமையை வெளியேத்தினவவா?"

"எல்லாம் செஞ்சவதான். அதுக்கென்ன?" என்றார் கதிராமத்தம்பி.

"அப்ப நான் எதுக்காகத் தண்ணிய மறிக்கிற? உங்கட தீர்மானத்த ஆர் மீறினாலும் நான் மறிப்பன். போடியாரெண்டாலும் மறிப்பன். என்ட சொந்தத் தம்பியெண்டாலும் மறிப்பன். ஆனா செய்யவேண்டிய வேலையில மாமி ஒண்டையும் மீறல்ல. உங்கட தீர்மானம் புடிக்கல்ல எண்டு கை தூக்கிச் சொன்னவ, அவ்வளவுதான். செய்யச் சொல்லக் கூட்டத்துக்கு உரிமை இரிக்கி. புடிக்கச் சொல்ல இல்ல. இந்த வக்கடைய நான் கட்டமாட்டன்."

"அப்ப உன்னை எதுக்கு நாங்க விதானையா வெச்சிரிக்கம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இறக்குங்க. இப்பவே. கை தூக்குங்க, நானே எண்ணித்தாறன். ஆர் பிரேரிக்கிற?"

கதிராமத்தம்பி முன்னுக்கு வந்தார். "நான் பிரேரிக்கிறன்" என்றார். ஆனால் சத்தம் வழக்கம்போல இல்லை.

எல்லாரும் அலியார் காக்காவைப் பார்த்தார்கள். ஆமோதிக்கவேண்டியது அவருடைய வேலை. காக்கா வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், தூரத்தில் சேற்றில் படுத்திருந்த தன் சாம்பல் எருமையைப் பார்த்தார்.

"நான் ஆமோதிக்கல்ல" என்றார்.

"என்ன காக்கா?"

"அண்டைக்கு என்ட எருமை வடிவில்ல எண்டு கை தூக்கினீங்களே. நானும் சேந்து தூக்கினன். வீட்ட போய்ப் பாத்தன். அல்லாட காவல், அது வடிவான எருமை!" காக்காவின் குரல் உடைந்தது. "அது எப்பவும் வடிவுதான்! நீங்க ஊரோட சேந்து கை தூக்கினாலும் வடிவுதான்! இண்டைக்கு நான் ஒண்டையும் ஆமோதிக்கமாட்டன்!"

பிறகு கதிராமத்தம்பி தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். அது வாவித் தண்ணீரில் ஊறி, முன்னொரு போகம் பெரும்பான்மை தீர்மானித்த மாதிரியே கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிழிந்து, மேலே முறுக்கிவிட்டார்.

"எனக்கும் அந்தத் தொங்கல் புடிக்கல்லதான்" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. வரம்பு ஒடுக்கம், சிரிக்க இடம் காணாது. இரண்டுபேர் சேற்றில் விழுந்தார்கள். வெருளிக்குச் சட்டை போடவேண்டும் என்று கேட்டுத் தோற்றுப்போன மனிதர், "நான் இப்பவும் சொல்லுறன், சட்டை போடத்தான் வேணும்!" என்று கத்தினார். தேநீருக்குச் சர்க்கரை கேட்டுத் தோற்றவர்கள் ஒரு பக்கமாகக் கிளம்பினார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் தோற்றவர்தான், அதுவரை ஒருவரும் வெளியில் சொல்லவில்லை. மாமி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து வெற்றிலையை மெல்லத் தொடங்கினார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், பார்க்காதமாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பின்னேரம் கரைக்கு வந்தோம். "ஏறுங்க மாமி" என்றார் அலியார் காக்கா. மாமி அசையவில்லை. தோணித் தீர்மானம் இன்னும் நிற்கிறதாம். இறக்கப்படாத தீர்மானத்தை அவர் மீறமாட்டாராம். கிடாரத்தை நிமிர்த்தி ஏறி இருந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் தோணியில் ஏறி, கிடாரத்துக்கு ஒரு கயிறு கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டு போனோம். நடுவாவியில் இலுப்படித் தோணி காத்துக்கொண்டு நின்றது.

"மருதடியாரே! ஒரு கை குறையுதே கா!"

கதிராமத்தம்பி தோணியின் பின்தட்டில் ஏறி நின்றார். முறுக்கிய மீசையோடு, பின்னால் கிறுகிக்கொண்டு வந்த மாமியைக் காட்டினார்.

"குறையல்லடா! எங்களிட்ட ஒரு கை கூடுதலா இரிக்கி! உங்களிட்ட இரிக்கா?"

அடுத்த கூட்டத்துக்கு மாமி கிடாரத்திலேயே வந்தார். அன்று கதிராமத்தம்பி பிரேரிப்பதற்கென்று புதுச் சால்வை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எழும்பி, தொண்டையைச் செருமி, பாடமாக்கி வந்ததைச் சொன்னார். தோணித் தீர்மானமும் வக்கடைத் தீர்மானமும் ஏகமனதுத் தீர்மானமும் இறக்கப்படுகின்றன. இன்றிலிருந்து தெய்வானை மாமி விரும்பினபடி கை தூக்கலாம் என்று அவருக்கு இந்தக் கூட்டம் உரிமை தருகிறது. அலியார் காக்கா துள்ளி எழும்பி ஆமோதித்தார். மரத்தடியில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின. அவ்வளவு சந்தோஷமாகக் கைகள் போனதை நான் முன்பு கண்டதில்லை. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள், ஒரு கையை இறக்கச் சொல்லவேண்டியிருந்தது.

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். தம்பிமாரே, எவ்வளவு கை நிமிர்ந்து நின்றாலும் இதைக் கேட்காமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். கேட்டுவிட்டு, ஒருவர் யோசிப்பதற்கு வேண்டிய நேரம் பொறுத்திருங்கள்.

"எதிர்?"

முன்வரிசையில் சுண்ணாம்பு விரலோடு ஒரு கை எழும்பியது.

கதிராமத்தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. "மாமி! இது உங்களுக்காகத்தானே கா! உங்கட கைய உங்களுக்குத் தாறம் எண்டுதானே தீர்மானம்! இதையுமா?"

மாமி கையை இறக்கவில்லை.

"என்ட கைய எனக்குத் தாறத்துக்கு," என்றார், "நீங்க ஆரு கா?"